குறும்பாடு

போன கோடையில் என் மகளுக்கு ஐந்து வயது. பதினைந்து நாள் செஞ்சியில், ஆயா வீட்டில். மொபைலை அவள் கையிலிருந்து பிடுங்க ஒரு வழி வேண்டுமே என்று ஆன்லைனில் ஒரு பை மெரினோ கம்பளி வாங்கிப் போயிருந்தேன்.

வேலை சுலபம். சீவிய கம்பளியை மெல்லிசாகப் பிய்த்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி உருண்டை பிடிக்க வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, முதலில் பூப்போல, போகப்போக அழுத்தி உருட்ட வேண்டும். கம்பளி இழையின் மேல் மீன் செதிள் மாதிரி நுண்ணிய செதிள்கள் உண்டு. சூடும் சோப்பும் அவற்றை விரிக்கும். தேய்க்கத் தேய்க்க இழைகள் நகர்ந்து ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். தறி கிடையாது, ஊசி நூல் கிடையாது. ஒரு தடவை இறுகிவிட்டால் பிரிக்கவும் முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால் ‘அன்டூ’ இல்லாத வேலை. ஃபெல்ட் என்பது இதுதான்.

அரை மணி நேரத்தில் எலுமிச்சை அளவுக்குப் பந்து வந்தது. மகள் அதைச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஆயா, பக்கத்து வீட்டு ஆட்டு முடியிலயும் பந்து வருமா?”

செய்து பார்த்தோம். வரவில்லை. எவ்வளவு உருட்டியும் முடி முடியாகவே உதிர்ந்தது. எங்கள் பக்கத்துச் செம்மறி பெரும்பாலும் ‘மெட்ராஸ் ரெட்’, கறிக்காக வளர்ப்பது. அதன் உடம்பில் இருப்பது கம்பளி அல்ல, முரட்டு முடி. அது பின்னிக்கொள்ளாது.

“அது மயிருடி பாப்பா. கம்பளின்னா குறும்பாட்டுலதான் எடுக்கணும். உங்கப்பனோட தாத்தா கெடைக்குப் போனா அந்தக் கம்பளியதான் போத்திக்குவாரு, மழைகூட உள்ள எறங்காது” என்றார் அம்மா.

குறும்பாடு. அந்தச் சொல்லைக் கேட்டே இருபது வருஷம் இருக்கும். திருச்சி, பெரம்பலூர் பக்கம் ‘கருங்குறும்பை’ என்று ஓர் இனம் இன்றும் உண்டு. கறுப்பு, சொரசொரப்பான கம்பளி. ஆடு மேய்த்துக் கம்பளி நெய்த குறும்பர்களைப் பற்றி 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் பேசுகின்றன. அவர்கள் நெய்தது ஃபெல்ட் அல்ல, தறிக் கம்பளிதான். தக்காணத்தில் அதற்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள்.

இந்தப் பெயர் செஞ்சி வரலாற்றிலும் வருகிறது. ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. அதன்படி முதலில் கோட்டை கட்டியவர் ஆனந்தக் கோன். ஆடு மேய்க்கும்போது மலைப் பொந்தில் புதையல் கிடைத்ததாம். இன்றைய ராஜகிரிக்கு அப்போது ஆனந்தகிரி என்று பெயர். அடுத்து வந்த கிருஷ்ணக் கோன் பெயரில் கிருஷ்ணகிரி. கோன்களுக்குப் பிறகு கோபிலிங்கன் என்ற குறும்பர் தலைவன். நடந்ததாகச் சொல்லி அறுநூறு வருஷம் கழித்து எழுதிய கதை. புதையலை அப்படியே நம்பச் சொல்லவில்லை. ஆனால் ஊர் தன் தொடக்கத்தை ஓர் இடையரிடம் வைத்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த செஞ்சி வேறு. 1690 முதல் 1698 வரை ஜுல்ஃபிகர் கான் போட்ட முற்றுகை. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்த தேசிங்கு. முழுசாக ஒரு வருஷம்கூட ஆளாதவன், அவன் குதிரைக்குக்கூடக் கதைப்பாட்டில் பாராசாரி என்று பெயர் இருக்கிறது. அந்தக் காலத்துக் குதிரைப் படைகளில் சேணம் முதுகை அறுக்காமல் இருக்க அடியில் ‘நம்தா’ போடுவார்கள், அதாவது ஃபெல்ட். கல்லால் கட்டிய லாயம் நிற்கிறது. கம்பளியைப் பூச்சி தின்றுவிடும். சைபீரியாவின் பசிரிக் கல்லறைகளில் கி.மு. காலத்து ஃபெல்ட் இன்றும் இருப்பதற்குக் காரணம், அது பனியில் உறைந்து கிடந்ததுதான். செஞ்சி வெயிலில் அதற்கு வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா ஆட்டை விற்றுத்தான் அப்பாவைப் படிக்க வைத்தார். அப்பா படித்ததால்தான் நான் இன்ஜினியர். ஆனால் காலேஜிலும் ஆபீஸிலும் யார் கேட்டாலும் “விவசாயக் குடும்பம்” என்றே சொல்லியிருக்கிறேன். ஆடு என்ற வார்த்தை என் வாயில் வந்ததில்லை. தாத்தாவின் கம்பளி என்ன ஆனதென்று அம்மாவிடம் கேட்டேன். “வீடு மாத்தும்போது நீதானடா நாறுதுன்னு தூக்கிப் போட்ட?”

நான்தான். அப்போது எனக்குப் பதினாறு வயது.

மறுநாள் காலை வெயிலுக்கு முன் கிருஷ்ணகிரி ஏறினோம். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. மராத்தியர் கோட்டைகளில் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது மகள் கேட்டாள்: “இத யாருப்பா கட்டினது?”

என் வயசில் நான் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில் தேசிங்கு ராஜா. “நெறைய பேரு கட்டினாங்க பாப்பா. மொதல்ல கட்டினது ஆடு மேய்ச்சவங்கன்னு சொல்றாங்க,” என்றேன். “என் தாத்தாவும் ஆடு மேய்ச்சவருதான்.”

“அப்ப அவருகிட்ட பந்து இருந்துச்சா?”

“கம்பளி இருந்துச்சு,” என்றேன்.