இருபது மில்லிகிராமின் சரித்திரம்

திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பாக் கோதுமையை ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து பிழிந்து, வெள்ளை வெளேரென்று இறங்கும் பாலை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொண்டு, கையில் மிஞ்சும் பிசுபிசுப்பான சக்கையை ஒதுக்கிவிடுவதைப் பார்த்தவர்களுக்கு, 1728-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துப் பொலோன்யா நகரத்து வித்வத் சபையில் பெக்காரி என்ற பண்டிதர் விவரித்த சோதனையில் பெரிய புதுமை எதுவும் தோன்றாது. அவர் செய்ததும் ஏறக்குறைய அதே காரியந்தான். நம் அல்வாக்காரர் ஒதுக்கிவிடுகிற பசையை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பது ஒன்றே வித்தியாசம். மாவைக் கழுவக் கழுவத் தண்ணீரோடு போய்விடும் வெள்ளைப் பகுதி ஒருவகை, கழுவினாலும் போகாமல் ரப்பரைப் போல் இழுபடும் பகுதி வேறொரு வகை என்று பிரித்துக் காட்டி, பின்னது பிராணிகளின் மாமிசத்தைப் போலவே அழுகி நாறும் இயல்புடையது என்பதையும் அவர் குறிப்பிட்டார். 1745-இல் அந்த ஆராய்ச்சி அச்சேறியது. குளூட்டன் என்று இன்று பட்சணப் பொட்டலங்களில் நாம் படிக்கிற வஸ்து அதுவே.

ரொட்டியை உப்பவைக்கும் அந்தப் பசை சிலருடைய குடலுக்கு ஆகாது என்று தெரியவருவதற்கு மேலும் இருநூறு வருஷங்கள் பிடித்தன. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் உள்ள இவ்வகைப் புரதம் உள்ளே சென்றால், சீலியாக் என்னும் வியாதி உடையவர்களின் தேகம் தன்னைத்தானே எதிரியாகப் பாவித்து, சிறுகுடலின் உட்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மடிப்புகளை அழித்துவிடுகிறது. உண்ட ஆகாரம் உடம்பில் ஒட்டாமல், குழந்தை வயிறு மட்டும் பருத்து, கை கால் சூம்பி, வளர்ச்சி குன்றிப்போகிறது. உலகத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த வியாதி உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். நமது தேசத்தில் சப்பாத்தி உண்ணும் வடக்குப் பிரதேசங்களில் இது மிகுதி. அந்தப் புரதத்தை ஆயுள் முழுவதும் அறவே விலக்குவதைத் தவிர இதற்கு வேறு சிகிச்சை இல்லையாதலால், இப்படிப்பட்டவர்கள் கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்ததும் முன்புறப் படத்தைப் பாராமல் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களையே பார்க்கிறார்கள். அந்த எழுத்துக்கள் அங்கே வந்து சேர்ந்த வரலாறு நேர்வழியில் நடந்ததன்று.

ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் காலத்திலேயே கப்படோக்கியா நாட்டு வைத்தியராகிய அரேட்டியஸ் இத்தகைய தீராத வயிற்றுப்போக்கை வர்ணித்திருக்கிறார் என்றாலும், நவீன காலத்தில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் லண்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்த சாமுவேல் ஜீ. 1888-இல் வெளியான அவருடைய கட்டுரை சில பக்கங்களே உடையது. இந்த நோய் தீருமானால் ஆகாரத்தினால்தான் தீரவேண்டும் என்று அவர் அதில் தீர்மானமாகச் சொன்னார். தினந்தோறும் ஹாலந்து தேசத்துச் சிப்பி இறைச்சியை ஒரு குவார்ட் அளவு உண்ட குழந்தை ஒன்று அதிசயமாகத் தேறியதையும், சிப்பிக் காலம் முடிந்ததும் மறுபடி நலிந்ததையும், அடுத்த பருவத்தில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்ததையும் எழுதிவைத்தார். இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர் வகுத்த பத்தியமோ நமக்கு வியப்பளிக்கிறது. மாவுப் பண்டம் மிகுந்த அரிசியும் ஜவ்வரிசியும் ஆகாது என்று விலக்கியவர், ரொட்டியை மெல்லியதாக அரிந்து இருபுறமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்று அனுமதித்துவிட்டார். விலக்கவேண்டியதை அனுமதித்து, அனுமதிக்கவேண்டியதை விலக்கிய அந்தப் பத்தியத்தின்படி நடந்த குழந்தைகளின் கதி என்னவாயிற்றோ! எனினும் குற்றம் அவருடையதென்று சொல்வதற்கில்லை. ரொட்டி என்பது அந்த நாட்டில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட பொருள், நமக்குச் சோறு எப்படியோ அப்படி.

நியூயார்க் நகரத்து ஹாஸ் என்னும் வைத்தியர் 1924-இல் வாழைப்பழச் சிகிச்சையைப் பிரசித்தப்படுத்தினார். ரொட்டியையும் தானியங்களையும் உருளைக்கிழங்கையும் நிறுத்திவிட்டு வாழைப்பழத்தை முக்கிய ஆகாரமாகக் கொடுத்தபோது குழந்தைகள் பிழைத்தார்கள். பிழைத்ததற்குக் காரணம் வாழைப்பழத்தின் மகிமை என்று அவரும் உலகமும் நம்பினார்கள்; நின்றுபோன ரொட்டியைப் பற்றி யாரும் எண்ணவில்லை. குணம் கண்டபின் காரணத்தைத் தேடும் சிரத்தை யாருக்கும் எளிதில் வருவதில்லை.

காரணத்தைத் தேடியவர் ஹாலந்தில் இருந்தார். வில்லெம் டிக்கே 1905-இல் பிறந்து, முப்பத்தொன்றாம் வயதிலேயே ஹேக் நகரத்து யூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தலைவரானவர். ரொட்டி தின்றால் தன் பிள்ளைக்கு உபத்திரவம் அதிகமாகிறது என்று ஓர் இளந்தாய் சொன்னது அவர் சிந்தனையைத் தூண்டியதாகச் செவிவழிச் செய்தி உண்டு. 1944-ஆம் ஆண்டுக் கடைசியில் ஜெர்மானியரின் முற்றுகையினால் மேற்கு ஹாலந்தில் உணவு வரத்து நின்று, ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் அவித்துத் தின்று, ஏறக்குறைய 20,000 பேர் மாண்டுபோன கொடிய குளிர்காலத்தில், ஊரெல்லாம் மெலிந்திருக்கச் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள் என்றும், யுத்தம் முடிந்து ரொட்டி வந்ததும் மீண்டும் படுத்தார்கள் என்றும், அதைக் கண்டே டிக்கேக்கு உண்மை பளிச்சிட்டது என்றும் பலரும் எழுதிவருகிறார்கள். கதை அழகாக இருக்கிறது. ஆனால் கோதுமை நீக்கிய பத்தியத்தைப் பற்றி அவர் 1941-லேயே, அதாவது பஞ்சத்துக்கு மூன்று வருஷம் முந்தியே, டச்சு வைத்தியப் பத்திரிகையில் எழுதிவிட்டார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது என்று சொன்னால் நியாயமாக இருக்கும். பிறப்பித்தது என்று சொல்வது அவருடைய பல வருஷத்துப் பொறுமையை மறைப்பதாகும்.

அந்தப் பொறுமையின் பலன் உத்ரெக்ட் நகரத்தில் விளைந்தது. வான் டி காமர் என்ற ரசாயன சாஸ்திரி மலத்தில் வெளியேறும் கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் முறை ஒன்றை அமைத்திருந்தார். வெய்யர்ஸ் என்ற குழந்தை வைத்தியரும் டிக்கேயும் அவரோடு சேர்ந்து, குழந்தைகள் உண்ட கொழுப்பு இவ்வளவு, மலத்தில் கழிந்தது இவ்வளவு என்று நாள்தவறாமல் கணக்கெழுதி, ஆகாரத்தில் ஒவ்வொரு தானியமாகச் சேர்த்தும் நீக்கியும் பார்த்தார்கள். கோதுமை மாவும் ரை மாவும் சேரும்போதெல்லாம் கொழுப்பு கழிவது ஏறியது. அரிசியும் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் சேர்ந்தபோது ஏறவில்லை. 1950-இல் டிக்கே உத்ரெக்ட் சர்வகலாசாலைக்கு அளித்த ஆராய்ச்சி நூலும், 1953-இல் மூவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைகளும், கெடுதல் மாவுச்சத்தில் இல்லை, கழுவினால் மிஞ்சும் பசையில், அதிலும் சாராயத்தில் கரையும் பகுதியில், இருக்கிறதென்று நிலைநாட்டின. பர்மிங்காம் நகரத்து வைத்தியர்கள் 1952-இல் இதையே தங்கள் சோதனையால் உறுதிசெய்தார்கள். அரிசிக்கு ஜீ விதித்த தடை அறுபதுக்கு மேற்பட்ட வருஷங்களுக்குப் பிறகு நீங்கியது.

இந்த வெற்றியிலிருந்தே ஒரு சிக்கலும் பிறந்தது. மாவுச்சத்தில் குற்றமில்லை என்றதும், கோதுமையைக் கழுவிப் பசையை நீக்கிய வெள்ளை மாவைக் கொண்டே ஐரோப்பாவின் வடபகுதியில் நோயாளிகளுக்கான ரொட்டியும் பிஸ்கோத்தும் செய்யத் தொடங்கினார்கள்; அது ருசியாகவும் இருந்தது, உப்பவும் செய்தது. ஆனால் எவ்வளவு கழுவினாலும் பசையின் சாயல் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். எவ்வளவு தங்கினால் பாதகமில்லை? சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் சபை 1979-இல் குளூட்டன் நீக்கிய உணவுக்கு முதல் நியமத்தை ஏற்றபோது, பசையை நேராக அளக்கும் வழி கைவசம் இல்லாததால், நூறு கிராம் உலர்ந்த தானியப் பொருளில் நைட்ரஜன் 0.05 கிராமுக்கு மேற்படலாகாது என்று சுற்றுவழியில் எல்லை கட்டியது. நைட்ரஜன் எல்லாப் புரதத்திலும் உண்டாதலால் இந்த அளவுகோல் பெரிய தராசில் குன்றிமணியை நிறுப்பதற்கு ஒப்பாகும்.

பிற்காலத்தில், குளூட்டனைத் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருள்களைக் கொண்டு மிகச் சொற்பமான அளவையும் அளக்கும் முறைகள் வந்தன. அவற்றுள் மாட்ரிட் நகரத்தில் மெண்டெஸ் என்பவர் குழுவினர் அமைத்த ஆர்-5 என்ற சோதனையைக் கோடெக்ஸ் சபை அங்கீகரித்தது. இத்தாலியில் கட்டாஸ்ஸியும் அவர் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தினந்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடலில் சேதம் தென்பட்டது. 2008-இல் நியமம் திருத்தப்பட்டு, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத உணவே குளூட்டன் அற்றது எனப்படும் என்று நிர்ணயமாயிற்று. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் உண்டு. இந்த எல்லையைத் தொட்டுநிற்கும் நூறு கிராம் பட்சணத்தில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அந்த வாக்கியத்துக்கு அறவே இல்லை என்பது பொருளன்று; பல தேசத்தார் கூடி, அளக்கக்கூடியது எவ்வளவு, தாங்கக்கூடியது எவ்வளவு, செய்யக்கூடியது எவ்வளவு என்று மூன்றையும் சீர்தூக்கி ஒப்புக்கொண்ட ஓர் உடன்படிக்கை என்பதே பொருள்.

உடன்படிக்கை சபைகளில் நடந்துகொண்டிருக்க, கடைக்குப் போகிறவன் என்ன செய்வான்? பிரிட்டனில் 1968-இல் நோயாளிகளே கூடிச் சீலியாக் சங்கம் அமைத்தார்கள். அதைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர், 1961-இல் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஸ்தாபனத்தைத் தொடங்கிய அதே பீட்டர் பெனன்சன். அவருக்கும் இந்த வியாதி இருந்தது. எந்தக் கம்பெனியின் எந்தப் பண்டம் ஆகும் என்று ஜாபிதா போட்டுச் சங்கம் புஸ்தகமாக வெளியிட்டது. பொட்டலத்தின் எழுத்தை நம்ப முடியாத காலம் அது; ஐரோப்பியச் சட்டப்படி ஒரு பண்டத்தில் சேரும் கூட்டுப்பொருள் நூற்றுக்கு இருபத்தைந்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உட்பொருள்களைச் சொல்லவேண்டியதில்லை. அந்தச் சலுகை 2003-இல் பிறந்த கட்டளையினால் ஒழிந்தது. அமெரிக்காவில் 2004-இல் செய்த சட்டம் கோதுமையை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்றது; பார்லியைச் சொல்லவில்லை, ஆதலால் பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட் அங்கே இன்றும் தேடிப்பிடிக்கவேண்டிய பொருளாகவே இருக்கிறது. 20 மில்லிகிராம் எல்லையை அந்த நாடு 2013-இல் ஏற்றது. நம் நாட்டு உணவுச் சட்டத்திலும் எல்லை அதுவே.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். முறுக்கும் தட்டையும் சீடையும் அரிசியும் உளுந்தும் அல்லவா? ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பதே பல வீடுகளில் நினைவுக்கு வருவதில்லை என்பது ஒருபுறமிருக்க, அரிசி முறுக்குக்குள்ளேயே கோதுமை புகும் வழி ஒன்று உண்டு. ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் வரும் பெருங்காயப் பால் தனியாகக் கையாள முடியாத அளவு காரமும் நெடியும் உடையது. அதனால் இங்கே வியாபாரிகள் அதைக் கருவேலம் பிசினோடும் தானிய மாவோடும் சேர்த்துப் பிசைந்தே கட்டியாகவும் தூளாகவும் விற்பது நெடுநாளைய வழக்கம். சேரும் மாவு பெரும்பாலும் மைதா. சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள். 1955-இல் ஏற்பட்ட உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் இந்தக் கூட்டுப் பெருங்காயத்தைக் கலப்படம் என்று தள்ளாமல், சாராயத்தில் கரையும் சத்து நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும், உண்ணத்தக்க தானிய மாவு சேரலாம் என்று இலக்கணம் வகுத்தன. எந்தத் தானியம் என்று அந்த இலக்கணம் கேட்கவில்லை. முறுக்கில் பெருங்காயம் சிட்டிகைதான். 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பண்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைவாகச் சேரும் கூட்டுப்பொருளின் உட்பொருளைச் சொல்லவேண்டியதில்லை; ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தில் அரிசி மாவு, உளுத்தம் மாவு, எள், எண்ணெய், உப்பு, பெருங்காயம் என்று படித்தவர்கள் நிம்மதியாக வாங்கிச் சென்றார்கள். ஐரோப்பாவில் இருபத்தைந்தின் நிழலில் ஒளிந்தது இங்கே ஐந்தின் நிழலில் ஒளிந்துகொண்டது.

2020-இல் வந்த லேபிள் விதிகள், ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும் என்று கட்டளையிட்டு, குளூட்டன் உள்ள தானியங்களையும் அந்த ஜாபிதாவில் சேர்த்தன. அரிசி முறுக்குப் பொட்டலத்தின் அடியில் கோதுமை அடங்கியது என்ற வரியைக் கண்டு, கம்பெனிக்காரர் ஏதோ தப்பாக அச்சிட்டுவிட்டார் என்று எண்ணுகிறவர்களுக்கு விடை பெரும்பாலும் அந்தச் சிட்டிகையிலோ, மைதாப் பண்டமும் அரிசிப் பண்டமும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் வேகும் வழக்கத்திலோ கிடைக்கும். டின்னில் போட்டு நிறுத்துத் தரும் கடைப் பட்சணத்துக்கோ எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அங்கே, "அண்ணாச்சி, இதுக்குப் போடுற பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்க, சமோசா சுட்ட எண்ணெயிலேயா இதையும் சுட்டீங்க?" என்று வாய்விட்டுத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் டப்பாவை எடுத்துவந்து கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.