குழி ஒன்று, அலுவலகம் நான்கு: ஊராட்சி மன்றங்களும் தொழில்நுட்பமும்

தாமான் நுழைவாயிலில் ஒரு குழி. மழை பெய்தால் மோட்டார் சைக்கிளில் வருபவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. யாரிடம் புகார் செய்வது? பலருக்கும் உடனே தோன்றும் பதில் நகராண்மைக் கழகம். ஆனால் அந்தச் சாலை கூட்டரசுச் சாலையாகவோ மாநிலச் சாலையாகவோ இருந்தால் பொறுப்பு பொதுப்பணித் துறையுடையது. குழாய் பதிக்கத் தோண்டியதால் வந்த பள்ளம் என்றால் நீர் விநியோக நிறுவனத்தைக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருப்பது ஆறோ பெரிய கால்வாயோ என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. மேலே எரியாமல் கிடக்கும் தெரு விளக்கு, இடத்தைப் பொறுத்து, தெனாகா நேஷனலின் கணக்கிலும் இருக்கலாம், மன்றத்தின் கணக்கிலும் இருக்கலாம்.

ஊராட்சி மன்றங்கள் கைப்பேசிச் செயலிகளைப் பற்றிப் பெருமையாகப் பேசும் காலம் இது. அந்தச் செயலிகள் உண்மையில் பயன்படுகின்றனவா என்பது, இந்த நான்கு அலுவலகக் கதையை அவை தீர்க்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது. புகாரை வாங்கி வைத்துக்கொண்டு, "இது எங்கள் எல்லை அல்ல" என்று மூன்று வாரம் கழித்துப் பதில் அனுப்புவதற்குச் செயலி தேவையில்லை. பழைய முகப்பிடமே போதும்.

அண்டை நாடான சிங்கப்பூரில் இதற்கு ஒரு கதை உண்டு. 2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேருரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கொம்பாக் பகுதியில் தரையில் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசினார். ஒரே இடத்தில் சரிவான நிலம் ஓர் அமைப்பின் பொறுப்பு, நடுவில் உள்ள நடைபாதை தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு, சாலையோரம் இன்னோர் அமைப்பின் பொறுப்பு. குச்சி எந்தப் பக்கம் விழுந்தது என்பதை வைத்துத்தான் அதை யார், எப்போது எடுப்பார்கள் என்பது முடிவாகும். அதே ஆண்டு அக்டோபரில் நகராட்சிச் சேவைகளை ஒருங்கிணைக்கத் தனி அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டது. 'ஒன்சர்விஸ்' செயலி 2015 ஜனவரியில் வந்தது. 2021இல் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகவும் புகார் செய்யும் வசதி சேர்ந்தது.

இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பொறுப்பு யாருடையது என்று பிரித்துக் கொடுக்க ஓர் அலுவலகம், அதன் பிறகே செயலி. படம் எடுத்து அனுப்பினால், எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பதை உள்ளேயே பார்த்துக்கொள்கிறார்கள். குடியிருப்பாளர் சட்டம் படிக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் பல இடங்களில் வரிசை தலைகீழாகிவிட்டது. செயலி வந்துவிட்டது, பொறுப்பு இன்னும் பிரியவில்லை.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தபோது ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களும் கோலாலம்பூர், புத்ராஜெயாவும் அதன் கீழ் வந்தன. அங்கே குப்பை அள்ளுவதைக் கண்காணிப்பது எஸ்டபிள்யூ கார்ப் எனும் கூட்டரசு அமைப்பு. சிலாங்கூர், பேராக், பினாங்கு, கிளந்தான், திரெங்கானு அந்தச் சட்டத்தில் சேரவில்லை. ஆகவே சுங்கை பட்டாணியில் இருப்பவர் குப்பைக்குப் புகார் செய்யும் இடமும், சுங்கை சிப்புட்டில் இருப்பவர் புகார் செய்யும் இடமும் வேறு. உறவினர் சொன்ன எண்ணை அழைத்துப் பார்த்துவிட்டு, "யாரும் கண்டுகொள்வதில்லை" என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் தவறான கதவைத் தட்டியவர்களே.

தோட்டப்புறத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. தோட்ட நிலம் தனியார் சொத்து. லைன் வீடுகளின் நீர், கால்வாய், துப்புரவு ஆகியவற்றுக்கு முதலாளியே பொறுப்பு என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, சொல்கிறது. மன்றத்தின் மதிப்பீட்டு வரிப் பட்டியலில் தனித்தனி வீடாக இல்லாத லைன் வீட்டுக்கு, செயலியில் தெரு பெயரும் வீட்டு எண்ணும் கேட்டால் என்ன எழுதுவது? ஊராட்சி மன்றத்தின் கணினிக்கு அந்தக் குடும்பம் தெரிவதே இல்லை.

சாலைக்கும் இதே கதிதான். மாநிலங்களுக்குச் சாலைப் பராமரிப்புக்காகக் கூட்டரசு தரும் மானியம் 'மார்ரிஸ்' எனும் கணினிப் பதிவேட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பதிவேட்டில் உள்ள கிலோமீட்டருக்குப் பணம் வரும். பதிவில் இல்லாத சாலைக்கு, அதில் எத்தனை பள்ளி வேன் ஓடினாலும், அந்த வழியாகப் பணம் வராது. தோட்டத்துச் செம்மண் சாலை, கோயிலுக்குப் போகும் உள்சாலை, நிலமேம்பாட்டு நிறுவனம் மன்றத்திடம் ஒப்படைக்காமல் விட்டுப்போன தாமான் சாலை ஆகியவற்றின் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. "சாலை போட்டுக் கொடுங்கள்" என்று மனு எழுதுவதைவிட, "இந்தச் சாலை மார்ரிஸ் பதிவில் உள்ளதா, இல்லையென்றால் ஏன்" என்று மன்றத்தின் பொறியியல் பிரிவிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்பது பயன் தரும் கேள்வி.

தலைமை என்று வரும்போது, நம் நாட்டில் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் டத்தோஸ்ரீ மைமுனா முகமட் ஷாரிப். 2011இல் செபராங் பிறை நகராண்மைக் கழகத்தின் தலைவரானார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் என்று பட்டணமும் தோட்டமும் கம்பமும் கலந்த பகுதி அது. 2018 ஜனவரியில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குடியிருப்புத் திட்ட அமைப்பான யுஎன் ஹேபிடாட்டின் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்றார். 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் டத்தோ பண்டாரானார்.

அவர் காலத்தில் செபராங் பிறையில் பேசப்பட்ட புதுமை ஏதோ ஓர் இயந்திரம் அல்ல. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகத்துடன் சேர்ந்து 2012 முதல் நடத்தப்பட்ட, பாலினத் தேவையறிந்த பங்கேற்பு வரவு செலவுத் திட்டம்தான் அது. மக்கள் வீட்டுவசதித் திட்ட அடுக்குமாடிகளில் வசிப்பவர்களிடம் ஆண், பெண், இளையோர், முதியோர் என்று தனித்தனியே கேட்டு, எதற்கு முதலில் செலவு செய்ய வேண்டும் என்று அவர்களையே வாக்களிக்கச் செய்தார்கள். மேலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு ஒரு விளையாட்டுத் திடல் முக்கியமாகத் தெரியலாம். இரவு வேலை முடிந்து இருட்டில் படியேறும் பெண்ணுக்கு விளக்கும் மின்தூக்கியும் முக்கியம். இந்தத் தகவல் கையில் இல்லாமல் எந்த மென்பொருளை வாங்கினாலும் அது தவறான வேலையை வேகமாகச் செய்யும்.

வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு 2019இல் மலேசிய விவேக நகரக் கட்டமைப்பை வெளியிட்டது. பொருளாதாரம், வாழ்க்கை, சுற்றுச்சூழல், மக்கள், அரசு நிர்வாகம், போக்குவரத்து, இலக்கவியல் வசதி என்று 7 கூறுகள். கோலாலம்பூர், ஜொகூர் பாரு, கூலிம், கூச்சிங், கோத்தா கினபாலு ஆகியவை முன்னோடி நகரங்கள். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் சாதாரண மக்கள் விவேக நகரத்தை முதலில் சந்தித்தது கார் நிறுத்தக் கட்டணத்தில்தான். சிலாங்கூரில் சுரண்டும் கூப்பனுக்குப் பதில் ஸ்மார்ட் சிலாங்கூர் பார்க்கிங் செயலி, பேராக்கில் பார்க்@பேராக், பினாங்கில் தனிச் செயலி என்று ஊருக்கு ஒன்று. ஈப்போவிலிருந்து கிள்ளானுக்குத் திருமணத்துக்கு வரும் ஒருவர், கைப்பேசியில் இன்னொரு செயலியை இறக்கிப் பணம் போட்ட பிறகே சமான் பயமின்றிச் சாப்பிட உட்கார முடியும். வசூலிக்கும் பக்கம் எப்போதும் முதலில் இலக்கவியல் ஆகிவிடுகிறது. சேவை தரும் பக்கம் மெதுவாகவே வருகிறது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. கட்டட, மேம்பாட்டு விண்ணப்பங்களுக்கு 2007இல் தொடங்கிய ஓஎஸ்சி எனும் ஒரே நிலைய முறை நல்ல மாற்றம். முன்பு கோப்பு ஒவ்வொரு பிரிவாக நடந்து போகும். இப்போது பல பிரிவுகளுக்கும் ஒரே நேரத்தில் போகிறது, இணையம் வழியாகவும் நடக்கிறது. கோயில் மண்டபம் கட்ட நினைக்கும் நிர்வாகக் குழுவினர் அறிய வேண்டியது, விண்ணப்பத்தை அனுப்புபவர் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர், பொறியியலாளர் போன்றவராக இருக்க வேண்டும் என்பது. நிலத்தின் தகுதி சரியில்லை என்றால் எந்தக் கணினி முறையும் உதவாது.

தோட்டக் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய அரசாங்கத் தொழில்நுட்பம் எது என்று கேட்டால், அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். பிளான்மலேசியாவின் 'ஐ-பிளான்' இணையத்தளம். ஒரு நிலம் இப்போது எதற்குப் பயன்படுகிறது, எதிர்காலத்தில் எதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். இன்று செம்பனை நிற்கும் இடம் நாளைய வீடமைப்பு என்றோ தொழிற்பேட்டை என்றோ நிறம் மாறியிருந்தால், காலி செய்யும் கடிதம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது தெரிந்துவிடும். அந்த நிறத்தைத் தீர்மானிக்கும் உள்ளூர்த் திட்டத்தின் நகல் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டப்படி குறைந்தது 4 வாரங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அப்போது யாரும் ஆட்சேபம் எழுதலாம். உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், அண்டை நில உரிமையாளருக்கு மட்டுமே அறிவிப்பு போகும். ஆட்சேபிக்க 21 நாள். லைன் வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பவர் நில உரிமையாளர் அல்ல என்பதால் அவருக்குக் கடிதம் வராது. எனவே நகல் பார்வைக்கு வைக்கப்படும் அந்த 4 வாரத்தைத் தவறவிடக் கூடாது.

மதிப்பீட்டு வரியிலும் ஒரு சொல். பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்த வேண்டிய இந்த வரியை 2015இல் வந்த ஜோம்பே போன்ற வழிகளில் வீட்டிலிருந்தே கட்டலாம். ஆனால் வீடு கைமாறினால் 3 மாதத்திற்குள் மன்றத்திற்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வாங்கிய மலிவு விலை வீடுகள் நம்மிடையே நிறைய. பழைய உரிமையாளர் பெயரிலேயே ரசீது ஓடிக்கொண்டிருக்கும். பாக்கி சேர்ந்து பொருள் பறிமுதல் ஆணை வரும்போது, கதவு தட்டப்படுவது குடியிருப்பவருடையது.

இவற்றையெல்லாம் கேட்க வேண்டியவர் ஊராட்சி மன்ற உறுப்பினர். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி ஒரு மன்றத்தில் 8 முதல் 24 உறுப்பினர்கள். இவர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு காலத்தில் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். 1957இல் ஜார்ஜ்டவுனின் முதல் மேயரான டி.எஸ். ராமநாதன் தேர்தல் காலத்தவர். பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை உள்ளது. 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. அந்நாளில் செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்தலை மீண்டும் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. தேர்தல் நடத்தப் பினாங்கு அரசு எடுத்த முயற்சியையும் 2014இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனாலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, அதன் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்கிறது. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. முழுக் கூட்டத்தின் தேதியை மன்றத்தின் செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செயலியில் அனுப்பிய புகாரின் எண்ணைக் குறித்து வைத்திருப்பவர், கூட்டத்திற்கு முன்பே அதைத் தம் வட்டார உறுப்பினரிடம் கொடுத்து, எத்தனை நாளாகப் பதில் இல்லை என்று கேட்கச் சொல்லலாம்.