பழைய மோட்டார்சைக்கிள் கூட்டங்கள்: மலாக்கா தோட்டத்துக் கைவேலை அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகிறது?

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ தோட்டத்தில் ஓட்டிய ஹோண்டா சி70 இன்னமும் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறதா? ரொம்ப வருஷமாக ஸ்டார்ட் ஆகவில்லையா?

அதற்கான உதிரிப் பாகங்களை இன்றைக்கும் வாங்கிவிடலாம். ஆனால் எதை, எந்த அளவுக்கு, எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்று கையால் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய மோட்டார்சைக்கிள் பிரியர்கள் விடுமுறை நாட்களில் ஒன்றுகூடுவதை வெறும் பொழுதுபோக்காக மட்டும் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இந்தக் கூட்டங்களில் என்ன நடக்கிறது? மலாக்காவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நீங்கள் போனால் எதைக் கற்றுக்கொள்ளலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இந்தக் கூட்டம் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் இதற்குத் தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடை முன்னாலோ ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோவிலோ நாலைந்து வண்டிகள் வந்து நிற்கும். தே தாரிக் வரும். பேச்சு எப்படியும் ஒரு வண்டியின் என்ஜினில் போய் நிற்கும்.

"அண்ணே, சூடானா நின்னு போயிடுது" என்று ஒருவர் சொன்னால் போதும். இரண்டு பேர் குனிந்து கேட்பார்கள், ஒருவர் பிளக்கைக் கழற்றுவார், இன்னொருவர் தன் பையில் இருந்து ஸ்பேனரை எடுப்பார். புத்தகத்தில் பத்துப் பக்கம் வருவது பத்து நிமிஷத்தில் கண் முன்னால் நடக்கும்.

இப்படிக் கூடுவது உலகத்துக்குப் புதிதல்ல. பிரிட்டனில் பழைய மோட்டார்சைக்கிள்களைக் காப்பாற்றுவதற்கென்றே 1946இல் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கப்பட்டது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 2009இல் மார்ட்டினா போஸ்ட்மா 'ரிப்பேர் கஃபே' என்ற பழுதுபார்க்கும் கூடலைத் தொடங்கினார். பொருளைக் கொடுத்துவிட்டுப் போகாமல், பழுதுபார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து சொந்தக்காரரும் சேர்ந்து செய்வதுதான் அதன் அடிப்படை. நம் ஊர் கூட்டங்கள் இதே வேலையைப் பெயர் வைக்காமலே செய்கின்றன.

மலாக்காவுக்கும் மோட்டாருக்கும் என்ன தொடர்பு?

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். இடம் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. பிறகு புக்கிட் அசஹான், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. அவற்றில் பால்மரம் வெட்டத் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன.

தோட்டத்தில் எல்லாமே தூரம். லயத்திலிருந்து வெட்டுக் காடு ஒரு பக்கம், ஸ்டோர் ஒரு பக்கம், தார்ச் சாலை இன்னொரு பக்கம். முதலில் மோட்டார்சைக்கிள் வைத்திருந்தவர்கள் துரைமார்களும் கிராணிமார்களும்தான். அவர்கள் காலத்து வண்டிகள் பெரும்பாலும் பிரிட்டனில் செய்தவை: பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ப். 1948இல் வந்த பிஎஸ்ஏ பேண்டம், ஜெர்மனியின் டிகேடபிள்யூ வண்டியின் வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்த 123 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி.

தொழிலாளி வீட்டுக்கு மோட்டாரைக் கொண்டுவந்தது ஜப்பானிய 'கப்சாய்'. ஹோண்டா சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் அறிமுகமானது. ஹோண்டாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கு தொழிலதிபர் லோ பூன் சியூ. 'கப்' என்ற பெயரோடு, சின்னது என்று பொருள்படும் 'சாய்' என்ற சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆனது என்பார்கள். உலகம் முழுவதும் சூப்பர் கப் வரிசையின் உற்பத்தி 2017இல் 10 கோடியைத் தொட்டது.

அந்த வண்டியில் கிளட்ச் லீவர் கிடையாது. உணவு கொண்டுபோகும் ஆள் ஒற்றைக் கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். நம் தோட்டத்தில் அதுவே பால் வாளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், மளிகைச் சாமான் எல்லாவற்றையும் சுமந்தது.

நகரத்துப் பட்டறைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் லயத்திலேயே ஒருவர் கற்றுக்கொண்டார். லாரியும் டிராக்டரும் பார்த்த தோட்டத்து போர்மன்களிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரர், அவரிடமிருந்து மகன் என்று கைவேலை பரவியது. இது பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல, தேவைக்காகப் பிறந்த படிப்பு. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில தோட்டங்கள் தாமான்களாக மாறின, குடும்பங்கள் டவுனுக்கு வந்தன. வண்டிகள் கூடவே வந்தன. கற்றுக்கொடுத்த அந்த அண்டை அயல் மட்டும் கலைந்துபோனது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியை எப்படிப் பார்ப்பார்கள்?

அனுபவசாலிகள் எடுத்தவுடன் என்ஜினைப் பிரிக்க மாட்டார்கள். மூன்று கேள்விகள்தான்: நெருப்பு இருக்கிறதா? பெட்ரோல் வருகிறதா? அழுத்தம் இருக்கிறதா?

நெருப்பு: பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்துக் கிக் அடிப்பார்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக, சோர்வாக வந்தால் மின்சாரப் பக்கம் கோளாறு. இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, பிளக்கையும் அதன் ஓட்டைக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.

பெட்ரோல்: பல தடவை கிக் அடித்தும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. டேங்க் துரு, அடைத்த குழாய், கார்பரேட்டர் ஜெட் என்று தேடலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்புதான் சரியில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் கொட்டுகிறது.

அழுத்தம்: கிக் அடிக்கும்போது கால் தடையே இல்லாமல் இறங்கினால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ காரணமாக இருக்கலாம்.

சி70இல் அடிக்கடி வரும் கோளாறு 'பாயிண்ட்'. பிளக்கில் எப்போது பொறி வர வேண்டும் என்று முடிவுசெய்யும் சின்ன சுவிட்ச் அது. அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்க வேண்டும். உராய்ந்து உராய்ந்து அதன் குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறைந்து, பொறி தாமதமாக வரும். வண்டி மேட்டில் ஏறாது, சீக்கிரம் சூடாகும். பாயிண்ட் முனை திரும்பத் திரும்பக் கருகினால், பாயிண்டை மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. கண்டென்சரையும் பார்க்க வேண்டும்.

ஃப்ளைவீலில் 'எஃப்', 'டி' என்று இரண்டு குறிகள் இருக்கும். எஃப் குறி என்ஜின் மேலுள்ள குறிக்கு நேராக வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். மீட்டர் இல்லாத காலத்தில் பாயிண்டுக்கு நடுவில் மெல்லிய சிகரெட் தாளை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே ஃப்ளைவீலைத் திருப்புவார்கள். எந்த இடத்தில் தாள் விடுபடுகிறதோ, அங்கேதான் பாயிண்ட் திறக்கிறது. இன்றைக்கும் இது வேலை செய்யும்.

டி குறி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுகிறது. டாப்பெட் இடைவெளியை என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அளவு 0.05 மி.மீ. "சத்தம் வருதே" என்று அதை இறுக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. இறுக்கினால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் கசியும், நாளடைவில் வால்வே கருகிவிடும். லேசான சத்தம் இருக்கலாம், சத்தமே இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்பேனரிலும் இவ்வளவு இருக்கிறதா?

இருக்கிறது. பழைய பிரிட்டன் வண்டிகளின் நட்டுகள் மி.மீ. அளவில் இல்லை. பல இடங்களில் 'விட்வொர்த்' என்ற பழைய அளவு முறை. அந்த ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தண்டு தடிமனைக் குறிக்கும். சுமாராகப் பொருந்துகிற மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும்.

ஜப்பானிய வண்டியில் வேறொரு சிக்கல். அதன் கூட்டல் குறி ஸ்குரூக்கள் பார்ப்பதற்குச் சாதாரண பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் அவை ஜேஐஎஸ் என்ற ஜப்பானிய அளவில் செய்தவை. பிலிப்ஸ் ஸ்குரூடிரைவர் அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். பழைய சி70களின் என்ஜின் மூடியில் ஸ்குரூ தலைகள் சிதைந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜேஐஎஸ் ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

கைவேலை ஊர் மாறியும் பிழைக்குமா?

பிழைக்கும். அதற்குச் சென்னையே சாட்சி. ராயல் என்ஃபீல்டு பிரிட்டிஷ் நிறுவனம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் தயாரானது. பிரிட்டனில் 1970இல் உற்பத்தி நின்றே போனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் சென்னையில் செய்த புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. பிறந்த ஊரில் மறைந்த வேலையை, தினமும் செய்துகொண்டிருந்த கைகள் இன்னோர் ஊரில் காப்பாற்றின.

ஆனால் அங்கே ஒரு தொழிற்சாலை இருந்தது. மலாக்காவின் தோட்டத்துக் கைவேலைக்கு அப்படி ஒரு கட்டடம் இல்லை. அது ஒரு சில பெரியவர்களின் காதிலும் விரலிலும்தான் இருக்கிறது. அவர்கள் காலத்துக்குப் பிறகு அதைத் தேடி எடுக்க எந்தப் புத்தகமும் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், பார்த்துக்கொண்டு நிற்காமல் கையை வையுங்கள். "நான் கழட்டவா, அண்ணே?" என்று கேளுங்கள். அடுத்தவர் வண்டியைக் கேட்காமல் தொடாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுத்தால் மாட்டும்போது குழப்பம் வராது.

இரண்டாவது, பதிவு செய்யுங்கள். கோளாறான என்ஜின் சத்தம், சரிசெய்த பிறகு வரும் சத்தம், பெரியவர் சொல்லும் விளக்கம், அவர் பயன்படுத்தும் தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும். அவர் அனுமதியோடு எடுத்து, தேதியும் வண்டியின் மாடலும் எழுதி வையுங்கள். தங்கை, அக்கா, மகள் யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்பேனருக்கு ஆண் பெண் தெரியாது.

மூன்றாவது, அந்த அறிவுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க உதவுங்கள். பட்டறையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தும் கையில் ஒரு தாள் இல்லாதவர்கள் உண்டு. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே, பிபிடி என்ற முறையில் முன் அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் வழங்குகிறது. செய்த வேலைகளின் படங்களையும் ஆதாரங்களையும் தொகுத்துக் கொடுக்க வேண்டும். கணினியில் உட்கார்ந்து அந்தத் தொகுப்பைச் செய்து தருவது உங்களால் முடிகிற உதவி.

எதில் கவனம் தேவை?

பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆபத்து. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மூடிய அறையில் என்ஜினை ஓடவிடாதீர்கள்.

வண்டி வாங்குவதாக இருந்தால் கிரான் எனப்படும் பதிவுப் பத்திரத்தில் உள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். என்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் தெரிவிக்க வேண்டும். வண்டி எவ்வளவு பழையதாக இருந்தாலும் சாலையில் இறக்கச் சாலை வரியும் காப்புறுதியும் கட்டாயம். பல வருஷம் சாலை வரி புதுப்பிக்காமல் கிடந்த வண்டி என்றால், பழுதுபார்க்கச் செலவு செய்வதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் அதன் நிலையை விசாரித்துவிடுங்கள்.

கூட்டம் பெரிதாகி, பெயர் வைத்து, பணம் வசூலிக்கிற நிலைக்கு வந்தால் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். ஏழு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்த அமைப்பு அந்தச் சட்டத்தின் பார்வையில் சங்கமாகக் கருதப்படலாம். ஆர்ஓஎஸ் எனப்படும் சங்கங்கள் பதிவகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இந்த வாரமே தொடங்க வேண்டுமா? தார்ப்பாயை நீக்கி, கிரானைத் தேடி எடுங்கள். பிறகு உங்கள் குடும்பத்தில் அந்த வண்டியைக் கடைசியாக ஓட்டியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது கெட்டுப்போனா அப்போ யார்கிட்ட கொண்டுபோவீங்க?" அவர் சொல்லும் பெயருக்குரியவர் இன்னும் ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ இருந்தால், வண்டியைத் தள்ளிக்கொண்டாவது போய் அவரைப் பாருங்கள்.