நன்னன் நாட்டு வரால்

தமிழகத்தில் தூண்டில் மீன்பிடிப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸிலிருந்து தொடங்குகின்றனர். அவருடைய 'தி ராட் இன் இந்தியா' 1873இல் வெளிவந்தது. இறகும் நூலும் கொண்டு பூச்சிபோல் கட்டிய பொய்யிரையை வீசும் ஆங்கிலேயக் கலையை நம் ஆறுகளுக்குப் பொருத்திப் பார்த்த நூல் அது. விராலும் அதில் இடம்பெறுகிறது.

அந்நூல் அச்சேறிய நாளில், விரால் தூண்டிலைப் பற்றிய நம்முடைய பழஞ்சான்று ஒன்று ஏட்டுச் சுவடியிலேயே உறங்கிக்கொண்டிருந்தது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோதுதான் அது அச்சில் வெளிவந்தது. அந்தச் சான்று, பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம்.

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கமே பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊர். அவனை நாடிச் செல்லும் கூத்தர்கள் மலைவழியைக் கடந்து வயல்வெளிக்கு வரும்போது அவர்களுக்கு மீனுணவு காத்திருக்கிறது. புலவர் இங்கே இரண்டு மீன்களைச் சொல்கிறார். வாளை வலைஞர் தந்தது. வரால் நெடுங்கயிற்றுத் தூண்டிலில் சிக்கியது. செங்கண்ணும் பிடியானையின் துதிக்கை போன்ற உடலும் கொண்ட அந்த வரால், துடியின் முகம்போல் வட்டத் துண்டுகளாக அரியப்படுகிறது.

வாளைக்கு வலை, வராலுக்குத் தூண்டில். இந்தப் பாகுபாட்டைத் தற்செயலான சொல்லடுக்கு என்று நான் கருதவில்லை. வரால் பாசிக்கும் கோரைக்கும் இடையே பதுங்கும். வலையைத் தாவிக் கடக்கும். சேற்றில் புதைந்து தப்பும். ஆனால் காற்றை விழுங்க அது நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். இளவேனிலில் ஆறு வற்றி மடுக்களாகச் சுருங்கும்போது, கரையில் பொறுமையாக நிற்பவன் அந்தக் குமிழியைப் பார்த்துவிடுவான். நம்மூர்த் தூண்டில்காரர் தவளையைக் கோத்து நீரின்மேல் துள்ளவிடுவதும் இதனால்தான். பொய்யிரை வீசுபவர் கற்க வேண்டிய பாடமும் இதுவே. மீனின் இயல்பை அறிந்த ஒருவரிடம் கேட்டறிந்தோ, தாமே கண்டோதான் கௌசிகனார் பாடியிருக்க வேண்டும்.

மலைபடுகடாம் ஓயாது ஓடுவதாகப் பாடும் சேயாறு, இன்றைய செய்யாறு. சவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியே பாலாற்றை நோக்கிச் செல்லும் அது, இப்போது ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணற்பரப்பு. விராலோ பண்ணைக் குட்டைகளில் வளர்கிறது. அந்தப் பாட்டில் தூண்டிலிட்டு நிற்பவனுக்குப் பெயரில்லை. ஆயினும் நம் தூண்டில் வரலாற்றின் முதல் பக்கம் அவனுக்கே உரியது.