டேலியாக் கிழங்கு முளைப்பித்தல்

டேலியாக் கிழங்கு முளைப்பித்தல் என்பது, குளிர்காலம் முழுவதும் உறங்குநிலையில் சேமித்து வைக்கப்பட்ட டேலியாக் கிழங்குகளை, உறைபனிக் காலம் முடியும் முன்னரே காப்பான இடத்தில் தொட்டியிலிட்டுத் தளிர்க்கச் செய்யும் தோட்டக்கலை முறை ஆகும். பிரித்தானியா போன்ற குளிர் நாடுகளில் இம்முறை பரவலாகக் கைக்கொள்ளப்படுகிறது. நேரடியாக நிலத்தில் ஊன்றிய கிழங்கைவிட இவ்வாறு முளைப்பித்த செடி சில வாரங்கள் முந்திப் பூக்கும்.

தாயகம்

டேலியா, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம். 1789 இல் மெக்சிக்கோவிலிருந்து மாட்ரிட் நகருக்கு விதைகள் அனுப்பப்பட்டன. அங்கு 1791 இல் கவனிலெசு என்பவர், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்சு டால் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். 1963 இல் இது மெக்சிக்கோவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது.

கிழங்கின் அமைப்பு

உருளைக்கிழங்கு தண்டின் திரிபு. அதன் உடலெங்கும் 'கண்கள்' உண்டு. டேலியாக் கிழங்கோ வேரின் திரிபு. இனுலின் என்னும் மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கும் இக்கிழங்கின் உடலில் மொட்டே கிடையாது. (சர்க்கரைவள்ளியும் வேர்க்கிழங்கே எனினும், அதன் உடலில் புதிய மொட்டுகள் தோன்றும்.) டேலியாவின் மொட்டுகள், பழைய தண்டின் அடிப்பகுதியும் கிழங்குகளின் கழுத்தும் கூடும் இடத்தில் மட்டுமே உள்ளன. ஆகவே அப்பகுதியில் சிறு துண்டேனும் ஒட்டியிராத கிழங்கு, எவ்வளவு பருத்திருந்தாலும் முளைக்காது. கழுத்து முறிந்த கிழங்கும் பயனற்றதே. கொத்தைப் பிரிப்பவர்கள் பலர் மொட்டுகள் புடைத்துத் தெரியும் வரை காத்திருப்பது இதனாலேயே.

விதையிலிருந்து வளரும் செடி தாய்ச்செடியின் பூவை ஒத்திராது. தோட்ட டேலியாக்கள் எண்மடியக் கலப்பினங்கள் என்பதால் வேறுபாடு மிகுதி. ஒரு வகையின் கிழங்குகள் யாவும் அழுகிவிட்டால், அவ்வகையை விதையால் மீட்க இயலாது.

முளைப்பிக்கும் முறை

பிரித்தானியாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்பணி தொடங்கும். சற்றே ஈரமான மட்குக் கலவையில், மொட்டுப் பகுதி மேலே தெரியுமாறு கிழங்கைப் பதித்து, வெளிச்சமும் 15 முதல் 20 பாகை செல்சியசு வெப்பமும் உள்ள இடத்தில் வைப்பர். தளிர் வரும் வரை நீர் மிகக் குறைவாகவே வேண்டும். வேர்விடாத கிழங்கால் நீரை உறிஞ்ச முடியாது. மிகை நீர் அழுகலில் முடியும். தொடக்கநிலையாளர் கிழங்கை இழப்பது பெரும்பாலும் இக்கட்டத்திலேதான்.

தளிர்கள் விரல் நீளம் வளர்ந்ததும், சிலவற்றை அடியோடு வெட்டித் தண்டுத்துண்டுகளாக நட்டுப் பெருக்கலாம். மூன்று, நான்கு இலை இணைகள் வந்தபின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். உறைபனி அச்சம் நீங்கிய பின், மே இறுதியிலோ சூன் தொடக்கத்திலோ, சில நாள் வெளிக்காற்றுக்குப் பழக்கி நிலத்தில் நடுவர்.

தேமல் நச்சுயிரி தாக்கிய செடியின் கிழங்கு பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆயினும் அதிலிருந்து எழும் தளிரும் நோயுற்றதே. இலையில் வெளிர்மஞ்சள் தேமல் கண்டால் செடியைக் கிழங்கோடு அகற்றிவிட வேண்டும். அசுவினிகள் இந்நோயை அண்டைச் செடிகளுக்கும் பரப்பும்.