பூதத்திற்குப் பெயரில்லை

பேய்க்கதை என்றதும் முகஞ்சுளிப்பது கற்றோரிடையே வழக்கமாகிவிட்டது. முற்போக்கு இலக்கியம் பேசும் நண்பர்களும் இதற்கு விலக்கல்லர். நாமும் அவ்வாறே இருந்தோம். பல்கலைக்கழக விடுதியில், பரீட்சைக்குரிய உரைநூலை ஒதுக்கிவிட்டு, மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்ரைன்' நாவலை ஓரிரவிற் படித்து முடித்ததைப் பிறரிடம் சொல்ல நாணினோம். அன்று நாம் அஞ்சியது பூதத்தைக் கண்டே. அண்மையில் மாணவர் பொருட்டு அந்நூலை மீண்டும் எடுத்தபோது அச்சம் வேறோரிடத்திற் காத்திருந்தது.

பூதம் என்றதும் பலர் நினைவுக்கு வருவது 1931ஆம் ஆண்டுத் திரைப்படத்தின், பேசத் தெரியாது உறுமும் உருவமே. நூலிலுள்ள பூதமோ பேசுகிறது; அதைப் படைத்த விக்ரரிலும் நன்றாகவே பேசுகிறது. ஏழைக் குடும்பமொன்றின் குடிசையை ஒட்டி ஒளிந்திருந்து, சுவரின் வெடிப்பினூடாகக் கேட்டே அது மொழி கற்கிறது. இரவில் அவர்கட்கு விறகு சேர்த்து வைக்கிறது. அமெரிக்காவின் ஆதிக்குடிகள் அழிந்த வரலாற்றைக் கேட்டு அழுகிறது. கைம்மாறாக அது பெற்றது தடியடி.

ஆயினும் இம்முறை எம்மை நடுங்க வைத்தவள் ஜஸ்ரின். விக்ரரின் வீட்டுப் பணிப்பெண் அவள். விக்ரரின் தம்பியைக் கொன்ற பூதம் அப்பிள்ளையின் கழுத்திலிருந்த சிறு படத்தை அவளது ஆடையில் மறைத்துவிடுகிறது. பாதிரியாரின் அச்சுறுத்தலுக்கு ஆற்றாது, செய்யாத கொலையை அவள் ஒப்புக்கொள்கிறாள், தூக்கிலிடப்படுகிறாள். உண்மையறிந்த விக்ரரோ, தன்னைப் பித்தன் என்பார்களே என்று வாளாவிருக்கிறான். கல்வியறிவு மிக்க கனவானின் மௌனத்திற்கு ஒரு வேலைக்காரியின் உயிர் விலை! மாணவப் பருவத்தில் இப்பகுதியை நாம் எவ்வாறு விரைந்து புரட்டிச் சென்றோம் என்பதே இன்று எமக்கு வியப்பு.

இந்நூல் பிறந்த காலத்தையும் நோக்கவேண்டும். 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவாக அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே வரவில்லை, பயிர் அழிந்தது, பாண் விலை ஏறியது, பசித்தோர் கிளர்ந்தெழுந்தனர். அந்த 1816 ஜூனில், ஜெனீவா ஏரிக்கரை மாளிகையொன்றில் மழைக்கு அடைபட்டிருந்தோர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று தொடங்கியதில் முளைத்ததே இந்நாவல். மேரிக்கு அப்போது வயது 18. அந்த யோசனையைச் சொன்ன பைரன், 1812இல் பிரபுக்கள் சபையில் தமது கன்னியுரையை யாருக்காக நிகழ்த்தினார் தெரியுமா? வேலை பறிபோனமையால் பின்னற் பொறிகளை உடைத்த நொற்றிங்ஹாம் தொழிலாளருக்கு மரணதண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து. மசோதா நிறைவேறிற்று. பைரனின் காதல்களை விரிவாகக் கற்பித்த எமது ஆசிரியர்கள் இவ்வுரையைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னாரில்லை.

1818இல் நாவல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில் ஆளுவோர் அதற்கொரு பயன் கண்டனர். 1824இல் அடிமைகள் பற்றிய விவாதத்தில், வெளிநாட்டமைச்சர் ஜோர்ஜ் கானிங், மேற்கிந்திய அடிமைகளுக்கு உடனே விடுதலை கொடுப்பது அந்த நாவலின் பூதத்தை எழுப்பிவிடுவதற்கு ஒப்பாகும் என்று பாராளுமன்றத்திற் பேசினார். சாட்டை பிடித்தவன் அல்லன், சாட்டையடி பட்டவனே பூதமானான். பூதத்தின் கதையை அது தன் வாயாலேயே கூறும் அத்தியாயங்களை அமைச்சர் படித்திருந்தாராயின், அவை அவர் செவியில் ஏறவில்லை போலும்.

வகுப்பில் இதனைக் கூறியபோது ஒரு மாணவி எழுந்து, "சேர், அதுக்கு ஏன் பேர் இல்லை?" என்றாள். படைத்தவன் வைக்கவில்லை, பின்வந்த உலகம் படைத்தவனின் பெயராலேயே அதை அழைக்கிறது என்றோம். மேற்கிந்தியத் தோட்டங்களிலும் அடிமைகள் பலர் எசமானரின் பெயரையே சுமந்தனர் என்பதையும் சொன்னோம். மணி அடித்துவிட்டது. நூலை அவள் வீட்டுக்குக் கொண்டுசென்றாள். இன்னும் திருப்பித் தரவில்லை.