நடந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது?

கருங்கல் சந்திப்பில் விடியுமுன் பேருந்துக்கு நிற்கும் கையாளிடம் வேலை எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். எட்டரை, ஒன்பது என்பார். வீட்டைவிட்டு இறங்கியது ஐந்து மணிக்கு. இடையில் போன நேரம் யார் கணக்கிலும் வராது. இதை நாம் இயல்பு என்று நினைக்கிறோம். இது இயல்பு அல்ல தோழர்களே, வரலாறு.

1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பகுதி தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்குமுன் திருவிதாங்கூர். அங்கே ‘ஊழியம்’ என்றொரு முறை இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் கூலியில்லாமல் சுமடு தூக்க வேண்டும். சுமந்ததற்கே கூலி இல்லை என்றால், போய்வந்த நடைக்கு யார் தருவார்? பறையருக்கும் புலையருக்கும் பொதுவழியும் மறுக்கப்பட்டது. வரப்பிலும் காட்டிலும் சுற்றித்தான் வேலைக்குப் போக வேண்டும். நடையை நீளமாக்கியது சாதி. அந்த நடையைக் கணக்கில் சேர்க்காததும் சாதி. 1855இல் அரசர் அடிமைமுறையை ஒழித்து அறிவித்தார். ஆனால் 1893இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனதே ஒரு போராட்டமாக இருந்தது.

பயண நேரமும் உழைப்பு நேரம்தான் என்று இந்தியச் சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டது. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், பிரிவு 15: ஒப்பந்தக்காரர் வேறு மாநிலத்துக்கு அழைத்துப்போகும் தொழிலாளிக்குப் போகவும் வரவும் பயணப்படி தர வேண்டும், பயண நாள்களுக்கும் வேலையில் இருந்ததாகவே கருதிக் கூலி தர வேண்டும். களியக்காவிளையைத் தாண்டிக் கட்டட வேலைக்கு அப்படி அழைத்துச் செல்லப்பட்ட நம் ஆட்களுக்கும் அந்த உரிமை இருந்தது. எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்தது?

தெரிந்துகொள்ளுமுன் அது போய்விட்டது. அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் கட்டணம் தரச் சொல்கிறது. பயண நாளுக்குக் கூலி என்ற வாசகம் அதில் இல்லை.

இப்படிப் பறிபோவது இங்கே மட்டுமல்ல. தொழிற்சாலைக்குள் வேலை செய்யும் இடம்வரை நடக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் சொன்னது. மறு ஆண்டே முதலாளிகளுக்காக நாடாளுமன்றம் அதைச் சட்டம் போட்டு மாற்றியது.

தினசரிப் பேருந்துப் பயணத்துக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியதில்லை என்பது உண்மை. ஆனால் கொள்கை ஒன்றுதான். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் 10 சதவீதம் கூடுதல் கூலி என்று எழுதியது. தூரத்துக்கு விலை உண்டு என்பதை அரசே ஏற்றிருக்கிறது.

ஆகவே சங்கத்தில் கோரிக்கை எழுதும்போது கூலி எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த மணியிலிருந்து கூலி என்பதையும் எழுதுங்கள்.